முதுகுக்குப் பின்னால் கடல்

மண்டபம் ஊரின் வடகரையில், பாக் நீரிணையைப் பார்த்தபடி ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் மாடியில் ஜப்பானிய உணவகம் வரப்போகிறது என்றதும் ஊரே சிரித்தது. பெரிய இரும்புத் தகடு. மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார, நாலாவது பக்கம் சமையல்காரர் நின்று, இறாலையும் காய்கறியையும் கண்ணெதிரே வதக்கித் தட்டில் தள்ளுவார். அதற்குத் தெப்பன்யாகி என்று பெயர். “பரோட்டாக் கல்லுக்கு ஜப்பான்ல ஞானஸ்நானம் குடுத்திருக்காக” என்றார்கள் பாம்பன் டீக்கடையில்.

அந்த மாடியை வடிவமைத்தவள் பிரெசில்லா. பாம்பன்காரி, தகப்பனார் விசைப்படகில் போகிறவர். மதுரையில் உள் அலங்காரம் படித்து, அங்கேயே ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரி வரைந்துகொண்டிருந்தாள். தன் பெயரில் எடுத்த முதல் வேலை இது. நன்றாக வந்தால் ராமநாதபுரத்தில் சொந்த அலுவலகம். இல்லாவிட்டால் மறுபடியும் மதுரை, மறுபடியும் அலமாரி.

விடுதி உரிமையாளர் காளிதாஸ், பரமக்குடிக்காரர். சுவரெல்லாம் பிளாஸ்டிக் செர்ரிப் பூவும் வாசலில் ஒரு புத்தர் சிலையும் வேண்டும் என்றார்.

“புத்தர் பாத்துக்கிட்டே இருந்தா இறால் கேக்கக் கூச்சப்படுவாங்க சார்” என்றாள் பிரெசில்லா. புத்தர் பேச்சு அதோடு நின்றது.

ஜப்பானில் மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டித் தடுப்பு செய்வார்கள். நம் உப்புக் காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. அவள் பனங்குருத்தோலைப் பின்னலைச் சட்டத்தில் இறுக்கினாள். வெயில் அதன் வழியே பால் போலக் கசிந்தது. மேசை விளிம்புக்கு வைரம் பாய்ந்த பனங்கட்டை. இழைத்து எண்ணெய் தேய்த்ததும் அதன் கறுப்பு வரிகள் எழுந்து வந்தன. திருகாணி எல்லாம் பித்தளை. ராமேஸ்வரம் போகும் சைவக் குடும்பங்களுக்குத் தனித் தகடு, தனிக் கரண்டி, நடுவே ஓர் ஓலைத் தடுப்பு. கை கழுவும் தொட்டியை நுழைவிலேயே வைத்தாள். நம் ஆட்கள் கை கழுவாமல் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் மாட்டார்கள்.

சாப்பிடுகிறவர்கள் கடலைப் பார்க்க வேண்டும் என்பதில் காளிதாஸ் பிடிவாதமாக இருந்தார். அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. எனவே சமையல்காரரின் இடம் வடக்குச் சன்னலுக்கு முதுகு காட்டியபடி அமைந்தது.

அங்கே நிற்க வந்தவர் தங்கச்சிமடம் சந்தனம். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். பிறகு தோஹாவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஐப்பசியில் முதல் ஒத்திகை. காளிதாஸ் தன் மனைவி யுவராணியோடு வந்து உட்கார்ந்தார். தகட்டில் எண்ணெய் சீறியது. சந்தனம் கழுத்தைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தார். பூண்டு கருகியது. மறுபடியும் திரும்பினார். இறால் ரப்பராகிவிட்டது. மூன்றாவது முறை முட்டை போயிற்று.

“ஏங்க, யாரு வாராகன்னு இவரு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு? பொண்ணு வீட்டுக்காரகளா?” என்றார் யுவராணி.

காளிதாஸ் சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கெழம இன்னொரு தடவ பாப்பேன். அப்பவும் கருகுச்சுன்னா தகட்டப் பரோட்டா மாஸ்டர் கையில குடுத்துருவேன். இந்த ஓல கீல எல்லாம் கழண்டுரும். பாத்துக்கம்மா” என்று எழுந்து போனார்.

பிரெசில்லா சந்தனத்திடம் போனாள். “என்னண்ணே ஆச்சு? தோஹாவுல செஞ்ச வேலதானே?”

“தோஹாவுல சன்னலே கெடையாது தாயி. மாலுக்குள்ள கட.” அவர் தலை நிமிராமல் தகட்டைச் சுரண்டினார். “இங்கன கடல் முதுகுப் பக்கம் கெடக்கு. சத்தம் கேக்குது, மொகம் தெரியல. காத்து மாறுதா, மேகம் ஏறுதான்னு பாக்காம எனக்குக் கை ஓடல. ஒங்க அய்யா கரையில எப்பவாச்சும் கடலுக்கு முதுகக் காட்டி ஒக்காந்து பாத்திருக்கியா?”

அவள் யோசித்தாள். கிழிந்த வலையைப் பொத்தும்போது இல்லை. கஞ்சி குடிக்கும்போதும் இல்லை. ஒருநாளும் பார்த்ததில்லை. மதுரையில் இருந்து வரைந்தபோது கடல் காகிதத்தின் மேல்விளிம்பில் ஒரு நீலக் கோடாக மட்டும் இருந்தது. கடலுக்குப் போகிறவரின் மகளுக்கு அது தோன்றாமல் போனதை நினைத்து வெட்கப்பட்டாள்.

மேசையைத் திருப்ப வழியில்லை. எரிவாயுக் குழாய் தரைக்குள் பதிந்திருந்தது. தகட்டுக்கு மேலே கவிந்த புகைக்கூண்டு கூரையைத் துளைத்துப் போயிருந்தது. சன்னலை அடைத்தால் சாப்பிடுகிறவர்களுக்குக் கடல் இல்லை.

இந்தக் கவலையோடு வெள்ளிக்கிழமை பாம்பன் பேருந்தில் ஏறினாள். ஓட்டுநர் பாதையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, “ஏலே, படியில தொங்குறவன் உள்ள வாடா” என்று அதட்டினார். பிரெசில்லா அவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மண்டபத்துக்கே திரும்பினாள்.

புகைக்கூண்டின் உள்விளிம்பில், சமையல்காரரின் கண்ணுக்கு எதிரே, முகம் தெரியும்படி மெருகேற்றிய எவர்சில்வர் பட்டை ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினாள். கண்ணாடியென்றால் சூட்டில் விரிசல் விடும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பட்டை தெரியாது. சந்தனம் தன் இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“வானம் மட்டுந்தான் தெரியுது தாயி, தண்ணி தெரியல. இன்னும் தாழ்த்து. இன்னுங் கொஞ்சம்… ஆங், நிறுத்து. வந்துருச்சு.”

ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் தம்பதி அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சந்தனத்தின் கண் அவ்வப்போது மேலே போய் வந்தது, கை நிற்கவில்லை. இறால் சரியான பதத்தில் தட்டுக்கு வந்தது. முட்டையை உடைத்து ஊற்றியவர் திடீரென்று, “பிரெசில்லா, சன்னலச் சாத்து. தூரத்துல தண்ணி கறுத்துருச்சு” என்றார்.

“வெயில் பளிச்சுன்னு அடிக்குது, என்னய்யா நீ?” என்றார் காளிதாஸ், அதே கடலைப் பார்த்தபடி.

அவள் ஓடிப்போய்ச் சாத்தினாள். கடைசிக் கொக்கியை மாட்டும்போது வாடைக்காற்று கதவை உதைத்தது. பின்னாலேயே மழை வந்து அறைந்தது. ஓலைத் தடுப்பு ஒரு சொட்டும் நனையவில்லை. முட்டை பொன்னிறமாகப் புரண்டது.

காளிதாஸ் தட்டை வழித்துவிட்டு, “மாஸ்டர வர வேணாம்னு சொல்லிருவோம்” என்றார் மனைவியிடம்.

இன்று ராமநாதபுரத்தில் பிரெசில்லாவின் பெயர்ப்பலகை தொங்குகிறது. புதிய வேலை எதுவானாலும், அங்கே நின்று வேலை செய்யப்போகிறவரை முதலில் வெற்றுத் தரையில் நிறுத்தி, “இங்கன இருந்து ஒங்களுக்கு என்ன தெரியணும்?” என்று கேட்கிறாள். அதன் பிறகுதான் வரைகிறாள். மண்டபத்தில் சந்தனம் தினமும் காலையில் வந்ததும் தகட்டைத் தொடுவதில்லை. ஈரத்துணி எடுத்து, முதலில் அந்தப் பட்டையைத்தான் துடைக்கிறார்.