கிஸ்லேனின் விரலும் ரொசேரின் காரும்

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு ஐம்பதுக்கு அக்கா கிஸ்லேன் போன் செய்தாள்.

“தம்பி, ரொசேர் கார் அடியிலயே படுத்திருக்கான். சூப் ஆறுதுன்னு மூணு தடவ கூப்பிட்டேன். கோவமா இருக்கான்னு நெனச்சேன்டா.”

ரொசேர் அத்தானுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மாரடைப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கனடாவில் எங்கள் ஊரான ஷிகூதிமியில், பனி உருகக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கார்கள் துருப்பிடித்து அடியிலிருந்து உதிரத் தொடங்கிவிடும். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரொசேர் டலேரின் நீலக் காருக்கு இருபத்தாறு வயது. அதைத் தள்ளிவிட்டு, சூடேறும் சீட்டு வைத்த கார் வாங்க வேண்டும் என்பது அக்காவின் வெகுநாள் ஆசை. கடைசியில் ஓர் உடன்பாடு ஆயிற்று. மே மாதம் பனி கரைந்ததும் அக்கா காரின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். துருவில் அவள் விரல் நுழைந்தால் அன்றைக்கே கார் பழைய இரும்புக்குப் போகும். நான் சாட்சி.

அந்த விரலைத் தோற்கடிப்பதே அத்தானுக்கு வேலையாகிப் போனது. அக்டோபர் வந்தால் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, துரு ஏறாமல் இருக்க இண்டு இடுக்கு விடாமல் எண்ணெய் பீய்ச்சுவார். எண்ணெய் வழிந்துவிடாமல் அதன்மேல் புழுதி அப்பி இறுக வேண்டுமே என்று ஏரிப்பக்கத்து மண் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுவார். இங்கே எல்லாரும் செய்வதுதான். ஆனால் சொந்த மகளின் கல்யாணத்தன்று, சர்ச்சுக்குப் போகிற வழியில் செய்தவர் அவர் ஒருவர்தான்.

“கல்யாணத்துக்கு ஊரெல்லாம் காரக் கழுவும். நீ எங்களுக்குப் பவுடர் போடுற,” என்றாள் அக்கா.

“ஜன்னல ஏத்து, கிஸ்லேன். புழுதி காருக்கு, உனக்கில்ல.”

போன பிப்ரவரியில் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. பனியும் உப்பும் அப்பிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காரை என் புது கராஜுக்குக் கொண்டுவந்தேன். ஹீட்டர் போட்டு, மூன்று வாரம் இருபது டிகிரியில் வைத்திருந்தேன். அவர் திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

“வெதுவெதுப்பாவா?” ஊன்றுகோல் கீழே விழுந்தது. “மைனஸ் முப்பதுல உப்பும் சேந்து தூங்கும்யா! நீ பனிய உருக்கி, அத எழுப்பி விட்டிருக்க. என் கார உப்புக்கண்டம் போட்டுட்டியே மச்சான்!”

“பாவம், குளிருமேன்னு வெச்சேன் அத்தான்.”

“காருக்கு என்ன, ஜலதோஷமா பிடிக்கும்?”

மே வரைக்கும் என்னோடு சீட்டாட வரவில்லை.

சோதனை நாள் வந்தது. அக்கா முட்டி போட்டுத் தடவிக்கொண்டே போனாள். இடது பின்கதவின் அடியில் அவள் ஆள்காட்டி விரல் முதல் கணு வரை உள்ளே போனதைப் பார்த்தேன். அத்தான் பார்க்கப் பயந்து, மறுபக்கம் திரும்பி நின்றிருந்தார்.

“என்ன?” என்றார் திரும்பாமலே.

அக்கா விரலை உருவி ஏப்ரனில் துடைத்தாள்.

“ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழு.”

“சாட்சி என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்ல அத்தான்,” என்றேன்.

அன்று சாயங்காலம் புளூபெரி பழம் வைத்துச் சுட்ட ஒரு முழு அப்பத்தை அவர் ஒருவரே தின்றார். எனக்கும் சீட்டு போட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஆம்புலன்ஸ் போன பிறகு, கருவிகளை எடுத்து வைக்கலாம் என்று கார் அடியில் குனிந்தேன். எண்ணெய் டப்பாவின் மூடியைக்கூட அவர் திறந்திருக்கவில்லை. கம்பி பிரஷ் இடது பின்கதவுக்குக் கீழே கிடந்தது. பக்கத்தில், விரலைவிடக் கொஞ்சம் அகலமாக, ஒரு தகரத் துண்டை வெட்டி ஓரம் ராவி வைத்திருந்தார். மே மாதம் அக்காவின் விரல் நுழைந்த ஓட்டையைச் சுற்றிப் பாதி வட்டம் பளபளவென்று சுத்தமாகியிருந்தது. மீதிப் பாதியில் துரு அப்படியே இருக்கிறது.