கண்டக்டர் திம்மராயனின் பல்செட்

1. முதல் நாள்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி, கிருஷ்ணகிரி ரோட்டின் மேல் இருந்த பல் ஆஸ்பத்திரியில் நான் உதவியாளராகச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய ஓசூர் அது. ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போகும், மற்றபடி அமைதியான ஊர். ஆஸ்பத்திரி என்றால் இரண்டே அறை. முன்னறையில் சாய்கிற நாற்காலியும் காலால் மிதித்துச் சுழற்றும் டிரில்லும் இருக்கும். பின்னறையில் பிளாஸ்டர் டப்பா, மெழுகு, மண்ணெண்ணெய் ஸ்டவ். பல்செட் கட்டுகிற வேலை முழுக்க அந்தப் பின்னறையில்தான். டாக்டர் வரதராஜுலு தெலுங்குக்காரர். பல் பிடுங்குவதைவிடப் பல் கட்டுவதில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

முதல் நாள் வந்த முதல் ஆள், காக்கிச் சட்டை போட்ட ஒரு பஸ் கண்டக்டர். பெயர் திம்மராயன். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். நாக்கு பட்டாலே பற்கள் ஆடின. டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துடணும்யா."

"எல்லாமேவா சார்?"

"ஈறு கெட்டுப்போச்சு. ஒண்ணு ரெண்டு விட்டு வெச்சாலும் நாளைக்கு அதுவும் ஆடும்."

திம்மராயன் ஆடுகிற பல் ஒன்றை நாக்கால் தள்ளிப் பார்த்தார். "பல்லு போனா போவட்டும் சார். சத்தம் போவக் கூடாது. என் பொழப்பே வாயிலதான் இருக்குது" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மத்திகிரியிலிருந்து ஓசூருக்கு நான் நடந்து வரும்போதெல்லாம், பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும் முன்பே அவர் குரல் கேட்கும். "குருபரப்பள்ளி, சூளகிரி, காமன்தொட்டி, பேரண்டபள்ளி!" என்று தமிழில் கூப்பிடுவார். இறங்குகிற இடம் வந்தால் "எறங்கு எறங்கு", கன்னடக்காரர்களுக்கு "இளீரி இளீரி", தெலுங்குக்காரர்களுக்கு "திகண்டி திகண்டி" என்பார். யார் எந்த ஊர் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார்.

2. தூளகிரி

பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். ஈறு ஆறி, கெட்டிப்பட்ட பிறகுதான் அளவு எடுக்க முடியும். அதுவரை பொறுக்க வேண்டும். திம்மராயன் லீவு போடவில்லை. பொக்கை வாயோடு பஸ்ஸில் ஏறினார்.

சூளகிரி அவர் வாயில் 'தூளகிரி' ஆயிற்று. பஸ்ஸில் இருந்த விடலைகள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். ஆனால் சேலத்திலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் அவர் சொன்னது புரியாமல், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. மூட்டை முடிச்சோடு நடுவழியில் இறங்கித் திட்டியிருக்கிறார்கள். விஷயம் பஸ் முதலாளி காதுக்குப் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது திம்மராயன் முகம் தொங்கியிருந்தது.

"தேர்த் திருநாளுக்குள்ள பல்லு கட்டிக்கிட்டு வா, இல்லன்னா ஷெட்டுல நின்னு வண்டி கழுவுன்னுட்டாரும்மா மொதலாளி" என்றார் என்னிடம்.

ஓசூரில் மலைக்கோயில் தேர் என்றால் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பக்கத்து ஜனமும் வந்து குவியும். அந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்கக் குரல் உள்ள கண்டக்டர் வேண்டும். முதலாளி சொன்னதில் தப்பில்லை. ஆனால் திம்மராயனைத் தண்ணீர்க் குழாயோடு ஷெட்டில் நிற்க வைத்துக் கற்பனை செய்து பார்க்க எனக்கும் டாக்டருக்கும் மனம் வரவில்லை. "தேருக்கு முன்னாடியே முடிச்சுடலாம், போய்யா" என்றார் டாக்டர்.

3. இது யாரு பல்லு?

அளவு எடுப்பது இப்போது போல் சுலபம் இல்லை. காம்பவுண்டு என்கிற அச்சு மெழுகை வெந்நீரில் இளக்கி, டிரேயில் பரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தைரியசாலிக்கும் குமட்டும். நான் அவரிடம், "அண்ணா, மூக்கால மூச்சு விடுங்க, கால் கட்டை விரலை ஆட்டிக்கிட்டே இருங்க" என்பேன். அவர் இரண்டு கால்களையும் ஆட்டுவார். நாற்காலியே ஆடும்.

மெழுகில் பல் வைத்துப் பார்க்கும் நாள் வந்தது. பெங்களூரிலிருந்து வாங்கி வந்த பற்கள் அரிசி மாதிரி வெள்ளை. திம்மராயன் கண்ணாடியில் பார்த்தார். அப்படியே கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது யாரு பல்லு சார்?"

"உன் பல்லுதான்யா."

"நம்ம பக்கத்துக் கெணத்துத் தண்ணி குடிச்சவன் எவனுக்கு சார் இப்பிடி பல்லு இருக்குது? சினிமாக்காரன்னு நெனைச்சுக்குவாங்க. எனக்குக் காவி ஏறின பல்லு வேணும்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் புளோரைடு அதிகம். சிறுவயதிலிருந்தே குடித்தால் பற்களில் பழுப்பு வரி விழும். அதை எப்படிப் போக்குவது என்று கேட்டு வருபவர்கள்தான் உண்டு. கேட்டு வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான். கடைசியில், இருப்பதிலேயே மங்கலான ஷேடில் பல் வாங்கி, முன்பற்களில் லேசாகப் பழுப்பு ஏற்றிக் கொடுத்தோம். கண்ணாடியைத் திரும்ப எடுத்தவர், "இது நான்தான்" என்றார்.

4. நடுரோட்டில் பிரேக்

பல்செட் மாட்டிய அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுச் செருப்பே காலைக் கடிக்கிறது. வாய் அதைவிட நுணுக்கமான இடம். முதலில் களி, குழைந்த சோறு; இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல வேண்டும்; எங்கே குத்துகிறதோ அங்கே நாமே கத்தியால் சுரண்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்; தூங்கும்போது கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இவ்வளவும் சொல்லித்தான் அனுப்பினேன்.

சாப்பாடு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பேச்சுதான் தகராறு செய்தது. 'சூ' என்று ஆரம்பித்தால் மேல்பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் காற்று சீறி, அசல் விசில் சத்தம் வந்தது. குருபரப்பள்ளி தாண்டி, "சூளகிரி டிக்கெட் எல்லாம் வாங்கியாச்சா?" என்று இவர் கேட்டிருக்கிறார். டிரைவர் மாரப்பன் நடுரோட்டில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார்.

"ஏன்யா நிறுத்தின?"

"நீதானே விசில் அடிச்ச?"

நிஜ விசிலை ஊதினால் வேறு தொல்லை. மேல்செட் கழன்று கீழே இறங்கும். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வாயையும் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நிற்பார். டாக்டர் இரண்டு மூன்று தடவை ராவித் தேய்த்து, பிடிப்பைச் சரி செய்தார். கழல்வது நின்றது. சீறல் மட்டும் முழுதாகப் போகவில்லை. "பேசப் பேச நாக்கு வழி கண்டுபிடிச்சுடும்" என்று டாக்டர் தைரியம் சொன்னார். தேர் நெருங்கிக்கொண்டிருந்தது.

5. கெம்பம்மா

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பஸ் வந்து நின்றது. ஆட்கள் நிறைய உள்ளே இருக்க, திம்மராயன் துண்டால் வாயை மூடிக்கொண்டு குதித்தார். பின்னாலேயே அவர் மனைவி கெம்பம்மா, கையில் பித்தளைச் சொம்போடு இறங்கினார். "நேரம் ஆவுது, நான் இவங்கள எறக்கி விட்டுட்டு வரன்" என்று மாரப்பன் கத்திவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

சொம்புக்குள் பல்செட் இருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்செட் ஒரு பக்கம் சுருண்டு, இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பற்கள் மட்டும் பளபளவென்று இருந்தன.

"என்னம்மா பண்ணீங்க?"

"தேருக்குப் போட்டுக்கிட்டுப் போவாரேன்னு புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் தேச்சன். பித்தளச் சொம்பு, தட்டு, ஏனமெல்லாம் அப்பிடித்தானே தேய்ப்போம். அப்புறம் அழுக்கு சுத்தமாப் போவட்டும்னு அடுப்புல வெச்சுக் கொதிக்க விட்டன்."

"தண்ணியில போட்டு வைக்கணும்னு நான் அண்ணாகிட்ட சொல்லியிருந்தேனே?"

"தண்ணின்னுதான் சொன்னாரு. பச்சத் தண்ணியா வெந்நீரான்னு இவரு எங்க சொன்னாரு?" என்று கணவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொக்கை வாயோடு பேச வெட்கப்பட்ட திம்மராயன் இரண்டு கைகளையும் விரித்தார்.

டாக்டர் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுருண்டதை நிமிர்த்த முடியாது. புதிதாகத்தான் கட்ட வேண்டும். தேருக்கு இன்னும் இரண்டே நாள். "பெங்களூர்லருந்து பல்லு வரணுமே" என்று அவர் முனகியதும் திம்மராயன் எழுந்து வெளியே ஓடினார். பெங்களூர் பஸ் ஒன்று ரோட்டில் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். டாக்டர் ஷேடு நம்பரையும் கடை அடையாளத்தையும் அந்தக் கண்டக்டரிடம் சொன்னார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "திம்மராயண்ணாகிட்ட சீக்கிரம் வரச் சொல்லுங்க, ஸ்டாண்டே ஊமையா இருக்குது" என்றார்.

அன்றே அளவு எடுத்து முடித்திருந்தோம். மறுநாள் காலை மெழுகில் பல் வைத்துப் பார்க்கும்போது கெம்பம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியும் அசையவில்லை. டாக்டர் திம்மராயனை ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். காமன்தொட்டி நன்றாக வந்தது. சூளகிரி சீறியது.

"அது அவரு சூளகிரி இல்ல" என்றார் கெம்பம்மா.

டாக்டர் திரும்பினார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் சூளகிரி ஸ்டாப்புல கொய்யாப்பழம் வித்தவ சார். இவரு குரல் கேட்டுத்தான் கூடையத் தூக்கிக்கிட்டு ஓடுவன். கல்யாணத்துக்கு முன்னாடி இவரு மொகத்த விட எனக்குக் கொரல்தான் நல்லாத் தெரியும்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டார். திம்மராயன் மெழுகுச் செட்டோடு சிரிக்கப் போக, நான் ஓடிப்போய்த் தாடையைப் பிடித்தேன்.

"அப்ப இவரோட பழைய முன்பல்லு எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"ரெண்டும் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறியிருக்கும்."

முதல் தடவை நாங்கள் முன்பற்களை வரிசையாக, நேராக வைத்திருந்தோம். எடுக்கும்போது எல்லாமே ஆடி இடம் மாறியிருந்ததால் பழைய இருப்பு எங்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் மெழுகைச் சூடாக்கி, பற்களை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினார். "சொல்லுய்யா." சீறியது. இன்னொரு இழை. கெம்பம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி கொஞ்சம்.

"சூளகிரி."

"இதான்! இதான் சார்!" என்று கெம்பம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

பிறகு நான் பின்னறையில் செட்டைப் பிளாஸ்டருக்குள் வைத்து, பிளாஸ்க் என்கிற இரும்பு அச்சுப் பெட்டியை இறுக்கிக் கட்டி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன். வாசலில் நின்று பார்த்த கெம்பம்மா இடுப்பில் கை வைத்தார். "நான் கொதிக்க வெச்சா தப்பு, நீங்க கொதிக்க வெச்சா சரியா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். "இங்க அது பிளாஸ்டருக்குள்ள, இரும்புப் பெட்டியில அமுங்கிக் கெடக்குதும்மா. நெளிய எடமில்ல. சும்மா வெந்நீர்ல போட்டா எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பிக்கும்."

"இத மொதல்லயே எனக்குச் சொல்லியிருந்தா நான் ஏன் அடுப்புல வெக்கறன்?" என்றார் அவர்.

6. தேர்

தேரன்று காலையில் புதுச் செட் வாய்க்குள் உட்கார்ந்தது. பழுப்பு ஏற்ற நேரம் இல்லை. "பரவால்ல சார், வெத்தல பாக்கு போட்டா தானா வந்துடும்" என்று திம்மராயன் சொல்ல, கெம்பம்மா முறைத்தார்.

மத்தியானம் நானும் கெம்பம்மாவும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். மலை அடிவாரம் வரைக்கும் தலைகள்தான். கிருஷ்ணகிரி பஸ் திரும்பி உள்ளே வரும்போது, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் வந்தது. தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் இறங்கச் சொல்லி, அடுத்த நடைக்குக் குருபரப்பள்ளியையும் சூளகிரியையும் கூப்பிட்டது. கெம்பம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முதலாளியும் ஸ்டாண்டில்தான் நின்றிருந்தார். குரலைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு வழி விடக் கூட்டத்தை விலக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு திம்மராயன் எங்களுக்குச் சம்பளம் வாங்காத விளம்பரக்காரர் ஆனார். பஸ்ஸில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விடமாட்டார். ஸ்டாண்டுக்குப் போகும் முன், எங்கள் வாசலில் விசில் அடித்து, "பல்லாஸ்பத்திரி எல்லாம் எறங்கு!" என்பார். முதலில் வலிக்காரர்கள் இறங்கினார்கள். பிறகு அந்தப் பக்கம் வீடு உள்ளவர்களும் இறங்க ஆரம்பித்தார்கள். மற்ற பஸ்களும் நின்றன. அந்த இடத்துக்கு ஸ்டாப் பெயரே அதுவாகிவிட்டது.

நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேருக்குப் பல்செட் கையில் கொடுத்தேன். கெம்பம்மாவுக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், செட்டைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க வீட்டுல ஏனம் கழுவறது யாரு? அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க, அப்புறம் தரேன்."

சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஆனால் திரும்பி வரும்போது தங்களோடு ஒருவரை அழைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.