அக்கா கேட்ட இரண்டு நாள்

என் அக்கா உங்களிடம் இரண்டு நாள் லீவு கேட்கவே இல்லை என்று நீங்கள் சொன்னது பொய்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சந்தை போடும்போது யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்கிறவர் நீங்கள். கடைக்காரர்கள் எல்லாரும் உங்களைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறோம். எங்களுடையது பூஜை சாமான் கடை. கடையை நடத்தியது அக்கா. நான் லோரி ஓட்டினேன், பெட்டி தூக்கினேன், அவள் சொன்னதைச் செய்தேன். எழுதிப் பழக்கம் கிடையாது. நடந்தது எனக்குத் தெரியும், அது போதும்.

எங்கள் தொழிலில் வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள் ஆரம்பிக்கும். பால்குடமும் காவடிச் சாமானும் விற்றுத் தீர்ந்து, கால் வலி இன்னும் போகாத நேரத்தில், அக்கா பழைய காலண்டர் தாள்களைப் புரட்டிப்போட்டு ஒட்டி ஒரு பெரிய தாள் செய்வாள். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் அதைக் குத்திவைத்துப் பென்சிலால் எழுதுவாள். சித்திரைக்கு என்ன, ஆடிக்கு என்ன, விநாயகர் சதுர்த்திக்கு எத்தனை பிள்ளையார், கொலுவுக்கு எத்தனை பெட்டி பொம்மை. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் லோரிக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அதற்குள் போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கை எடுத்தாக வேண்டும். சீனப் பெருநாளுக்கும் அதே கதை. தமிழ்நாட்டில் பொங்கல் என்றால் அங்கே பத்து நாள் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். தீபாவளி விளக்குக்குப் பங்குனியிலேயே சொல்லிவிடுவாள். தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சித்திரைச் சாமானுக்கு ஆர்டர் கொடுப்பாள்.

"நமக்கு இன்னைக்குன்னு ஒண்ணு கிடையாதுடா," என்பாள். "இன்னைக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

ஆடி மாதம் ஒரு பெண் வந்து, "ஆன்டி, பொங்கல் பானை வந்துருச்சா?" என்று கேட்டாள். அக்கா தலையைத் தூக்காமல், "வந்து, பொங்கி, கழுவிக் கவுத்தும் வச்சாச்சும்மா. நீதான் லேட்டு," என்றாள். அந்தப் பெண் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தாள். போன வருஷம் ஆனியில் மாடிப்படி ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் படுக்க வேண்டும் என்றார்கள். ஆடி நடுவில் தேதி கொடுத்தார்கள். ஆடி வெள்ளி என்று மாற்றினாள். அடுத்த தேதி விநாயகர் சதுர்த்தி வாரத்தில் வந்தது, அதையும் மாற்றினாள். மூன்றாவது தேதி நவராத்திரியில். அதை மாற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். "போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்றாள்.

நான் சொன்னது இது: "தீபாவளி முடியட்டும்க்கா. அப்புறம் நிம்மதியாப் போய்ப் படுக்கலாம்."

அதைச் சொன்ன வாயோடுதான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.

எங்கள் கடை சந்துக்குள் இருக்கிறது. தெரிந்தவர்கள்தான் தேடி வருவார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் மட்டும் ரோட்டோரம் ஒரு கூடாரம் கிடைக்கும். அந்த மூன்று வாரம் இல்லாமல் எங்களுக்கு வருஷம் இல்லை. சந்தையில் ஒரு விதி உண்டு. லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கூடாரத்தில் உட்கார வேண்டும். ஒருநாள் ஆள் இல்லை என்றால் அடுத்த வருஷம் அந்த இடம் வேறு ஒருவருக்கு. இடத்தை வாங்கி அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டவர்களால் வந்த விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் லைசென்ஸில் அக்கா பெயர் இருந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணி இருக்கும், நான் சந்துக் கடையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கையில் ஆறு அகல் விளக்கோடு வந்து நின்றாள்.

"அங்கிள், வெளியில ஆன்டி தூங்கறாங்க போல. மூணு தடவை வெலை கேட்டுட்டேன். நீங்களே சொல்லுங்களேன்."

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் விளக்குத் திரிக் கட்டு. கண் பாதி மூடியிருந்தது. முன்னால் இரண்டு பேர் நின்று கோலப்பொடி நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "பச்சை இவ்வளவுதானா அண்ணே?" என்றாள். நான் அவளுக்குப் பதில் சொன்னேன். உள்ளே இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அக்காவின் கையைத் தொட்டேன்.

இறந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய் வைக்கவில்லை, வாசலில் கோலம் போடவில்லை. கருமாதி முடிந்த வாரம் போர்ட்டிலிருந்து போன் வந்தது, கார்த்திகை விளக்கு வந்திருக்கிறது என்று. அக்கா சொல்லிவைத்த சரக்கு. போய் எடுத்தேன். பெட்டியின் மேல் அனுப்பினவர் கொட்டை எழுத்தில் 'அக்கா ஆர்டர்' என்று எழுதியிருந்தார். எப்போதும் அப்படித்தான் எழுதுவார். அவருக்கு விஷயம் தெரியாது.

அதற்குப் பிறகு பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. பொங்கலுக்குப் பானைக்குக் கட்டும் மஞ்சள் கொத்து, பேப்பர் தோரணம். தைப்பூசத்துக்கு வேல், மயில் இறகு, மஞ்சள் துணி. பங்குனி உத்திரத்துக்கு. ஒவ்வொன்றும் வரவேண்டிய வாரத்தில் வந்தது. எங்கள் வாசல் வெறுமையாகக் கிடந்தது. நான் ஊராருக்குத் தோரணம் விற்றேன். ஒரு பெரியம்மா சாமானைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார். "தம்பி, தப்பா நெனைச்சுக்காத. துக்க வீடு. உன் கையால வாங்கலாமா?"

"கைதான் என்னோடது பெரியம்மா. வாங்கிவச்சது செத்துப்போனவ. அவகிட்ட கேக்கணும்னா வழி சொல்லுங்க," என்றேன். அவர் சாமானை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் பேசினேன்.

காலையில் கடை திறந்ததும் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி, பின்னால் அந்தத் தாளைப் பார்ப்பேன். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். பொங்கல் வாரத்தில், 'கரும்பு கொஞ்சமா எடு, மழை வரும்' என்று எழுதியிருந்தாள். மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் நனைந்த கரும்பை வைத்துக்கொண்டு திட்டினார்கள். நான் வாசலில் நின்றேன். அந்த மாதம் மழை வரும் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகும்போது, "அக்கா, நான்தான்," என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் அப்படிச் சொல்வது ஒருநாள் என் மனைவி காதில் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் கடைக்குள் வரவில்லை, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கடைக்காரர்கள் விருந்து நடந்தது. நீங்கள் மேடையில் என்னைக் கூப்பிட்டு அக்கா பெயரில் பொன்னாடை போட்டீர்கள். மைக்கில் சொன்னீர்கள்: "இந்த அம்மா ஒருநாள்கூடக் கூடாரத்தை விட்டு நகர்ந்ததில்ல. ரெண்டு நாள் லீவு எடுங்கம்மான்னு நாமளே கெஞ்சினாலும் எடுக்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் ஒரு லீவு கேட்டதில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. அந்தத் துணி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

சித்திரைக்கு ஒரு பெட்டி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் காத்திருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே காத்திருந்தேன். வைகாசி வந்தது. ஆனி வந்தது. போர்ட்டிலிருந்து போன் வரவில்லை. ஒருநாள் கடையில் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது, அக்கா போன பிறகு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை என்று. கொடுக்கவேண்டியவன் நான். பெட்டிகள் வந்துகொண்டிருந்ததால் வருஷம் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நான் ஓட்டினது அவள் மிச்சம் வைத்த வருஷம். இந்தத் தீபாவளிக்கு என் கடையில் விளக்கு இல்லை. கொலு பொம்மை இல்லை. அனுப்புகிறவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு, "இப்ப சொன்னா கார்த்திகைக்குத்தான் வரும் தம்பி," என்றார்.

அன்றைக்குத்தான் தாளைக் கதவிலிருந்து கழற்றினேன். அவள் எப்படிப் போட்டாள் என்று பார்த்து நானும் ஒன்று போட வேண்டும். மேசையில் விரித்தேன். போன தீபாவளி வாரங்களை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை, கண் அந்தப் பக்கம் போகாது. அங்கே, கூடாரத்துக்கு வேண்டிய சாமான் பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில் இருந்தது:

'ஆஸ்பத்திரியில் நாலாவது தேதி கொடுத்துவிட்டார்கள், வியாழன் வெள்ளி. தலைவரிடம் கேட்டேன், இரண்டு நாள் தம்பி உட்காரலாமா என்று. முடியாது என்றார். விட்டால் இடம் போகும். தேதியை மாற்ற வேண்டும். தம்பியிடம் சொல்லவேண்டாம், சண்டைக்குப் போவான்.'

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கள் அவள் இறந்தாள்.

மறுநாள் காலை உங்கள் துணிக்கடைக்கு வந்தேன். நீங்கள் புடவை மடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் நாற்காலியைத் தள்ளினீர்கள். நான் உட்காரவில்லை.

"அக்கா உங்ககிட்ட ரெண்டு நாள் கேட்டாங்களா?"

"எப்ப?"

"போன தீபாவளிக்கு. சாகறதுக்கு முன்னாடி."

"இல்லையே தம்பி. உங்க அக்கா எங்க லீவு கேட்டாங்க?"

"எழுதி வச்சிருக்காங்க."

"எழுதினதெல்லாம் நெசமாயிடுமா லா? ஆயிரம் பேர் ஆயிரம் கேப்பாங்க, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"இப்பத்தான் கேக்கலேன்னீங்க. இப்ப ஞாபகம் இல்லேங்கறீங்க. எது?"

நீங்கள் புடவையைக் கீழே வைத்தீர்கள். குரலை இறக்கினீர்கள். "இந்த வருஷம் மூலை லாட் உனக்குத்தான். லைசென்ஸை உன் பேருக்கு நானே மாத்தித் தரேன். போய் வேலையப் பாருப்பா."

விற்க விளக்கு இல்லாதவனுக்குச் சந்தையிலேயே நல்ல இடம். நான் நகரவில்லை. அப்போதுதான் அதைக் கேட்டீர்கள்.

"சரி, நான் முடியாதுன்னுட்டேன்னே வச்சுக்க. நீ என்ன பண்ணினே? கூடப் பொறந்தவன்தானே. ஒரு தடவையாவது கையப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனியா?"

உங்கள் கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து, நிறுத்தின லோரியைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நல்ல கேள்விதான். அன்றைக்குச் சொல்லாத பதிலை எல்லாரும் படிக்கும்படி இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். இல்லை. கூட்டிக்கொண்டு போகவில்லை. மூன்று தடவை தேதி மாறினது எனக்குத் தெரியும், மூன்று தடவையும் சும்மா இருந்தேன். தீபாவளி முடியட்டும் என்று சொன்னவன் நான். அவள் எனக்குப் பயந்து மறைக்கவில்லை, என்னைக் காப்பாற்ற மறைத்தாள், அதுவும் எனக்குத் தெரியும். இதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் இல்லை.

நான் வேண்டுவது உங்கள் பதவி இல்லை. மூலை லாட் வேண்டாம். விதியைக்கூட மாற்றச் சொல்லவில்லை, அது நீங்கள் எல்லாரும் பேசி முடிவு செய்யும் காரியம். ஆனால் சந்தைக்கு இடம் பிரிக்கும் கூட்டம் அடுத்த மாதம். அங்கே வந்து உட்காரப் போகிறவர்களில் சர்க்கரைக்குக் காலில் கட்டுப் போட்டவர் இருக்கிறார். கண் ஆபரேஷனைத் தள்ளிவைத்தவர் இருக்கிறார். ஆஸ்பத்திரி அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தீபாவளி போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நீங்கள் மேடையில் என் அக்காவைக் காட்டினீர்கள், லீவே கேட்காத அம்மா என்று. அவள் கேட்டாள். நீங்கள் முடியாது என்றீர்கள்.

உங்கள் கடைக்குள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டாம். ஆள் அனுப்பவேண்டாம். அந்தக் கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால், மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். என் அக்கா உங்களிடம் இரண்டு நாள் கேட்டாளா, இல்லையா? கேட்டாள் என்றால், நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள்?