அட்டையைக் காட்டாத அண்ணன்

என் அண்ணன் ஜெறோம் கனடிய ராணுவத்தில் இருந்தவன். காந்தகாருக்குப் போய், முழங்கால் சிதைந்து திரும்பி வந்தவன். இதை எழுதும்போதே எனக்கு ஒரு திருப்தி. ஏனென்றால் எங்கள் வீட்டில் இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றிருந்தது.

ஊருக்கு அப்பா சொன்ன கதை வேறு. மகனுக்கு அல்பேர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, முழங்காலில் குழாய் விழுந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் வில்லரேயில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் இதுதான் கதை. தேவாலயத்தில், பாதரிடமே கூசாமல் சொன்னார். காரணம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. மட்டக்களப்பில் ஒரு சுற்றிவளைப்பில் சித்தப்பாவை ஆமி கொண்டுபோனது. கொண்டுபோனதுதான். அன்றிலிருந்து அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆமிதான். எந்த நாட்டுச் சீருடை என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. பெற்ற மகன் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது, "கழட்டிப்போட்டு வா" என்று கதவைச் சாத்தியவர்.

அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. "எண்ணெய் வேலையில நல்ல காசாமே?" என்று யாராவது கேட்டால் தலையாட்டுவான். மருந்து குடித்துக்கொண்டு, கதவு அடிக்கிற சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டு, எண்ணெய்க்காரனாகவே வாழ்ந்தான். தூண்டிலோடு தண்ணீர்க்கரையில் நிற்கும்போது மட்டும்தான் அவனுக்கு மனம் அடங்கும்.

போன ஜூலையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். நகரத்துக்கு வெளியே ஒரு ஏரிக்கரை. அந்த ஏரியில் முன்னாள் படைவீரருக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை, அவர்களுக்கான அட்டையைக் காட்டினால் போதும். அந்த நம்பிக்கையில்தான் அண்ணன் தூண்டில் போட்டான். அப்பாவும் அவருடைய சிநேகிதர் கதிர்காமத்தம்பி மாமாவும் பக்கத்தில் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிக் காவலர் ஒருவர் வந்து "போன்ஜூர்" சொல்லி, அண்ணனிடம் லைசென்ஸ் கேட்டார்.

அண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது. அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். கை அப்படியே நின்றுவிட்டது. "லைசென்ஸ் இல்லை" என்றான் பிரெஞ்சில். காவலர் அபராதத் துண்டை எழுதத் தொடங்கினார். தூண்டிலையும் தரச் சொன்னார். அப்பா ஓடி வந்து, "அத நான் கட்டுறன், மகன்" என்றார். என்ன ஒரு பெரிய மனது!

எனக்குப் பொறுக்கவில்லை. "இவர் முன்னாள் ராணுவ வீரர்!" என்று காவலரிடம் பிரெஞ்சில் கத்தினேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தமிழில்.

"ஓம், அண்ணன் ஆமியில இருந்தவன்! எண்ணெயுமில்ல, குழாயுமில்ல! அண்ணன், அட்டைய எடு!"

எடுத்தான். காவலர் பார்த்தார். எழுதிய துண்டைக் கிழித்தார். அண்ணனின் கையைக் குலுக்கி "மெர்சி" என்று நன்றி சொன்னார். பெற்றவர் இத்தனை வருஷமாகச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனுஷன் சொல்லிவிட்டுப் போனார்.

கோழி கருகிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் கதிர்காமத்தம்பி மாமாதான் கேட்டார்.

"ஆமியில ஆரைச் சுட்ட, மனே?"

"ஒருத்தரையும் இல்ல, மாமா. காயப்பட்ட ஆக்களுக்குக் கட்டுப் போட்டனான். அந்த ஊர்ப் பிள்ளையளுக்கும்."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது புதுச் செய்தி.

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றார்.

"நீங்க ஒருநாளும் கேக்கல்லையே, அப்பா."

அண்ணன் தூண்டிலை எடுத்துக்கொண்டு, காலை இழுத்தபடி கரையோரமாகத் தள்ளிப் போனான். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எலிசா, போய் அண்ணனக் கூட்டிக்கொண்டு வா."

நான் அசையவில்லை.

"நீங்களே போங்க" என்றேன்.