பிச்சம்மாள் கழுவிய தொட்டிகள்

பிச்சம்மாளை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறகு சிரிப்பு வரும். அதற்கும் பிறகு வருவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி, எங்கள் களை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஏரி முழுக்க ஆப்பிரிக்கப் பாயல் என்ற மிதக்கும் களை. ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் பெருகும். அள்ளுவதற்கென்றே ஒரு கான்ட்ராக்டர், அவரிடம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெண்கள். பிச்சம்மாளும் அவர்களில் ஒருத்தி. இடுப்பளவுத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்று அவள் கால்கள் புண்ணாகிவிட்டன. அதனால்தான் கரையில் எங்கள் சிமென்ட் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள வந்தாள்.

அவளுக்கு ஒரே கவலை, மகள் இசக்கிசெல்வி. "அம்மா எடத்துல நான் இறங்குதேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள் அந்தப் பெண். பதினெட்டு ஆகட்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

பாயலைத் தின்னும் ஒரு கறுப்பு வண்டை வளர்த்துக்கொண்டிருந்தோம். எள்ளளவுதான் இருக்கும். சில தொட்டிகளில் வண்டு, சிலவற்றில் களைக்கொல்லி, சிலவற்றில் இரண்டும். ஒரு வரிசையில் மட்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாயலை ஒன்றும் செய்யாமல் வளர விட்டிருந்தோம். சோதனையில் வண்டு ஜெயித்தால் ஏரியில் விடலாம் என்று எங்கள் தலைவி ரெம்யா மேடம் சொன்ன நாளிலிருந்து பிச்சம்மாள் வண்டின் கட்சி.

"நல்லாத் தின்னுங்க மக்களே. செல்விக்குப் பதினெட்டு ஆவதுக்குள்ள தின்னு தீத்துருங்க" என்று தொட்டிக்குள் குனிந்து கெஞ்சுவாள்.

"நம்ம பொழப்பத் திங்குத வண்டுக்குல்லா சோறு போடுதா" என்று பழைய கூட்டாளிகள் திட்டுவார்கள். அவள் காதில் வாங்கமாட்டாள்.

வெளியூர் நிபுணர்கள் பார்வையிட வரும் நாள். காலையில் போனால் ஒரு வரிசைத் தொட்டிகள் பளபளவென்று இருக்கின்றன! தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தோமே, அதே வரிசை.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க பிச்சம்மா!" என்று கத்தினேன்.

"மத்ததுலலாம் பாயல் கருகிக் கெடக்கு. இது மட்டும் பச்சப்பசேல்னு பொங்கிக் கெடந்துச்சு சாரே. வாறவுக நான் வேலையே செய்யலன்னுல்லா நெனைப்பாவ. மானம் போயிருமேன்னுதான்..."

பாயலைக் கண்டால் அள்ளிவிடும் கை அது. அந்தக் கையை நம்பிப் பாயலை விட்டுவிட்டுப் போன எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல!

நிபுணர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒப்பிட ஒன்றுமில்லாததால் சோதனை செல்லாது, முதலிலிருந்து தொடங்கினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றார் மேடம். பிச்சம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வருசமா? அதுக்குள்ள செல்வி இறங்கிருவாளே மேடம்."

என் கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

மறுபடி தொடங்கினோம். அந்த வருஷம் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அள்ளத் துடிக்கும் கைகளை முந்தானையில் சுருட்டிக்கொண்டு பச்சைத் தொட்டிகளுக்குக் காவல் நிற்பாள். கூட்டாளிகள் யாராவது பழக்கதோஷத்தில் கிட்டே வந்தால், "அதுல கைய வச்சே, பாத்துக்க!" என்று சண்டைக்குப் போவாள். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் எல்லா வசதியும் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொட்டிகளுக்கு நடுவே அவள் போட்ட சத்தத்துக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

களைக்கொல்லி போட்ட பாயல் சீக்கிரம் கருகி, பிறகு துளிர்த்தது. வண்டு மெதுவாகத் தின்று ஒழித்தது. அதை ஏரியிலும் விட்டோம். ஆனால் அதற்குள் செல்விக்குப் பதினெட்டு ஆகியிருந்தது. அம்மா அழுதும் கேட்காமல் தண்ணீரில் இறங்கினாள். ஒரு வருஷம் கழித்துத்தான் பாயல் மூழ்கி ஏரி தெளிந்தது. அள்ளுகிறவர்களுக்கு வேலை போயிற்று. பிச்சம்மாளின் தொட்டி வேலையும்தான்.

சென்ற மாதம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பிச்சம்மாளைப் பார்த்தேன். அங்கே துணிக்கடையில் வேலை பார்க்கும் செல்விக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"ஏரி கண்ணாடி மாதிரி இருக்கு பிச்சம்மா, போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து, பக்கத்தில் நின்ற மகளின் கணுக்காலில் ஆறிக் கறுத்திருந்த தழும்பை விரலால் தடவினாள்.

"ஒரு வருசம் முந்தியிருந்தா இது வந்திருக்காது சாரே" என்றாள்.