காதை வைத்துக் கேட்பவர்

என் கணவருக்கு மீட்டர் என்றால் காதுதான். ஆம்ப்ளிஃபையரைக் கவிழ்த்துப் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு, தலையை உள்ளே நுழைக்காத குறையாகக் காதை வைத்து இரைச்சல் கேட்பார். தாம்பரத்தில் மைக்செட் வைத்திருந்தவர். வேண்டாம் என்றால் "இத்தினி வருஷமா இன்னா ஆயிடுச்சு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த ஆடி மாதம் அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஓயாமல் உறுமியது. கண்டென்சர் செத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தார். மாலையில் அம்மன் கோயிலுக்கு செட் போட வேண்டும். நான் டிவி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தபோது, கோயில்காரர் ஒருவர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இவர் அதை ஈயம் வைத்துப் பற்றவைத்து முடித்து, பிளக்கைச் சொருகினார்.

எட்டிப் பார்த்தேன். பழைய கண்டென்சரில் பிளஸ் பக்கம் சிவப்புக் குறி இருக்கும். புதியதில் இருப்பது கறுப்புப் பட்டை, அது மைனஸ் பக்கம். கம்பெனியில் நாள் முழுக்க நான் பார்த்துப் பார்த்துப் பொருத்துவது அந்தப் பட்டையைத்தான். இவர் குறிக்குக் குறி என்று, சிவப்பு இருந்த இடத்தில் பட்டையை வைத்திருந்தார். தலைகீழாக மாட்டினால் சூடேறி வெடிக்கும்.

"போடாதீங்க! கண்டென்சரைத் தலைகீழா மாட்டிகீறீங்க!"

"நீ மொதல்ல போய் மூஞ்சி கழுவிகினு வா" என்று சுவிட்சைப் போட்டார். வாசலில் ஆள் நிற்கும்போது பெண்டாட்டி பேச்சைக் கேட்டுவிடுவாரா?

வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கண்ணாடிக்குள் மெல்லச் சிவப்பு ஏறியது. இவர் குனிந்து காதைக் கொண்டுபோனார். பிளக் அவருக்கு அந்தப் பக்கம், என் கைக்கு எட்டாது. "வேணாங்க!" என்று கத்தினேன். பேசாதே என்று கையை ஆட்டினார். உள்ளே உஸ்ஸென்று ஒரு சத்தம். உன்னிப்பாகக் கேட்க இன்னும் குனிந்தார். சட்டைக் காலரைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். இரண்டு பேரும் கட்டிலில் மோதி விழுந்தோம்.

டமார்! கண்டென்சரின் அலுமினியக் கூடு பிய்த்துக்கொண்டு போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடித்தது. வீடு முழுக்க வெள்ளைப் புகை. நான் தவழ்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னா சார் ஆச்சு?" என்று கோயில்காரர் உள்ளே ஓடிவந்தார்.

"கடைக்காரன் டூப்ளிகேட் குட்த்துட்டான் சார்" என்றார் இவர், தரையில் கிடந்தபடியே.

வேறு நாளாக இருந்தால் அந்த ஆள் முன்னாலேயே மானத்தை வாங்கியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண், கன்னம், காது எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். பொய் சொல்வதற்கு முகம் முழுசாக இருந்தது. எனக்கு அது போதும்.