மேடு பள்ளம் இல்லாத பாதை

எங்கள் அப்பா போட்ட திட்டங்களில் உருப்பட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. ஆனால் சித்திக்காக அவர் போட்ட திட்டத்தைக் கெடுத்தது நான் என்றுதான் வீட்டில் இன்றுவரை பேச்சு.

சித்தி அம்மாவின் தங்கை. தம்பி பிறந்தபோது ஒத்தாசைக்கு என்று ஆறு மாத விசாவில் ஈரோட்டிலிருந்து அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிஸ்கட்டவேக்கு வந்தாள். ஒத்தாசை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். வீட்டுக்குள் காரணம், மாப்பிள்ளை. கைக்குழந்தையில் வந்த போலியோவால் அவளுக்கு இடது கால் முக்கால் அங்குலம் கட்டை. தாங்கித் தாங்கி நடப்பாள். அந்த முக்கால் அங்குலத்துக்காக ஊரில் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. அமெரிக்காவில் யார் நடக்கிறார்கள் என்பது அப்பாவின் கணக்கு. வீட்டை விட்டு இறங்கினால் கார், காரை விட்டு இறங்கினால் கடை. இங்கே காலை யார் பார்க்கப்போகிறார்கள்?

முதல் முறை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சித்தியை முன்கூட்டியே சோபாவில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். காபியை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் சுமுகமாக முடிந்தது. அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். பையனுக்குப் பிடித்திருக்கிறதாம். ஒரு தடவை எங்காவது வெளியே போய் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசட்டுமாம். பையனுக்கு ஹைக்கிங் என்றால் உயிராம். நியூ ஜெர்சியில் இருந்த அத்தனை தமிழ்ப் பையன்களில், நடப்பதை ஆசைக்காகச் செய்கிற ஒருவர்தான் எங்களுக்கு வாய்த்தார்.

"சொல்லிடலாம் மாமா. அவருகிட்ட நானே சொல்றேன்," என்றாள் சித்தி.

"மொதல்ல நிச்சயம் ஆகட்டும் அம்மிணி. அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்," என்றார் அப்பா.

அதற்குள் அவர் தெற்கே பைன் காட்டுப் பூங்கா அலுவலகத்துக்கு போன் போட்டு, இருப்பதிலேயே சுலபமான பாதை எது என்று விசாரித்து முடித்திருந்தார். ஒரு குளத்தைச் சுற்றி ஒன்றரை மைல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கல் இல்லை. மேஜை மாதிரி இருக்கும் என்று அலுவலகத்துப் பெண் சொன்னாளாம். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒரு நீல ரப்பர் செருப்பை வெட்டி மூன்று துண்டுகளை அடுக்கி, சித்தியின் புது இடது ஸ்னீக்கருக்குள் வைத்தார். எங்கள் அபார்ட்மென்ட் கட்டடத்தின் கார்பெட் போட்ட நடைவழியில் பயிற்சி ஆரம்பமாயிற்று. நடுவர் நான். எனக்கு ஏழு வயது.

சித்தி அந்தக் கோடிவரை நடந்து போய், திரும்பிப் பார்த்து, புருவத்தை உயர்த்துவாள். நான் "தெரியுது" என்றோ "தெரியல" என்றோ கத்த வேண்டும். யார் தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை நான். சித்திக்காக இந்த இரண்டு வார்த்தைகள். பொய் சொல்லக்கூடாது என்பது விதி. "நீ பொய் சொன்னா எனக்குத்தான் கஷ்டம் சாமி," என்று அவளே சொல்லியிருந்தாள். முதல் நாள் முழுக்க "தெரியுது"தான். பத்தாம் நாள் அநேகமாக எல்லாமே "தெரியல". அதைக் கேட்டதும் அவள் முகம் மலரும். அதற்காகவே ஹோம்வொர்க்கைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருப்பேன்.

செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனோம். அம்மா புளிசாதமும் சிப்ஸும் கட்டியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சில்க் புடவைக்குக் கீழே வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்டிருந்தார். "தமிழ் பேச மாட்டியா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். "ஐ அண்டர்ஸ்டாண்ட்," என்றேன். இங்கே பிறந்த பிள்ளைகளே இப்படித்தான் என்று அம்மாவிடம் வருத்தப்பட்டுக்கொண்டார்.

அலுவலகத்துப் பெண் பொய் சொல்லவில்லை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தரை எப்படி இருக்கும் என்று அப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குட்டையான பைன் மரங்களுக்கு நடுவே பாதை முழுக்க மணல். சர்க்கரை மாதிரி வெள்ளை மணல், வைத்த கால் உள்ளே இறங்கியது. சித்தி பழகியதோ கார்பெட்டில். மாப்பிள்ளை முன்னால் நடந்தபடி, குளத்துத் தண்ணீர் ஏன் டீ நிறத்தில் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டடி பின்னால் சித்தி தலையாட்டிக்கொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் அப்பா, தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. கடைசியில் நான்.

நூறு அடிகூடப் போயிருக்க மாட்டோம். முதலில் சித்தியின் தோள் சாய்ந்தது, பிறகு இடுப்பு. ஷூவுக்குள் ரப்பர் துண்டுகள் நகர்ந்திருக்க வேண்டும். அவள் நின்று திரும்பினாள். எல்லாரையும் தாண்டி என்னைத் தேடிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

விதி எனக்கு மனப்பாடம். "தெரியுது சித்தி! நல்லா தெரியுது!" என்று சுத்தமான தமிழில், காடே கேட்கும்படி கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து, "என்ன கண்ணு தெரியுது?" என்றார்.

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "கால்," என்றேன்.

"புது ஷூ, கடிக்குது போல," என்று அப்பா குறுக்கே விழுந்தார்.

"அப்ப கழட்டிப் பாக்கச் சொல்லுங்க."

சித்தி ஒரு விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்தாள். அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அதைப் பார்க்காதவள்போல ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். மணலோடு மூன்று நீலத் துண்டுகள் விழுந்தன. "சின்ன வயசுல போலியோ வந்துச்சுங்க. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றாள் மாப்பிள்ளையிடம்.

"இட்ஸ் ஓகே," என்றார் அவர், ஒரு பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டு. ஓகே என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் ஏன் யாரும் பேசவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மிச்சப் பாதையையும் நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வேர்க்கடலையைக் கடைசியில்தான் போட வேண்டுமா என்று மாப்பிள்ளையின் அம்மா செய்முறையைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஆன்ஸரிங் மெஷின்தான் பேசியது. பத்து நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பொருத்தம் பார்த்து, பிரமாதம் என்று அவர்கள் சொன்ன அதே ஜாதகம்.

காட்டிலிருந்து திரும்பிய அன்று அம்மா என்னை முதுகில் ஓங்கி அறைந்தாள். சித்திதான் நடுவில் வந்து விழுந்தாள். "அவள எதுக்குக்கா அடிக்கற? நான் கேட்டேன், அவ சொன்னா." அப்பா என்னை அடிக்கவில்லை. அவருக்கு மணலைப் பற்றிச் சொல்லாமல் விட்ட அந்த அலுவலகத்துப் பெண்மீதுதான் கோபம், இன்றைக்கும். எனக்கு அவர்மீது கோபம், அதுவும் இன்றைக்கும்தான். நானே சொல்கிறேன் என்று சித்தி சொன்ன அன்று அவளைச் சொல்ல விட்டிருந்தால், வேண்டாம் என்ற பதிலை அவள் தலைநிமிர்ந்தாவது கேட்டிருப்பாள்.

விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது சித்தி கிளம்பினாள். அந்த ஸ்னீக்கர்ஸை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஊரிலிருந்து போட்டுவந்த செருப்போடு போனாள். அந்தக் காலத்தில் விமானத்தில் ஏறும் கதவுவரை கூடப் போகலாம். அங்கே நீளமான நடைவழி, எங்கள் கட்டடத்தில் இருந்ததைப் போலவே கார்பெட் போட்டது. சித்தி தாங்கித் தாங்கி நடந்து போனாள். இந்தத் தடவை விதியை மீறுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவள் திரும்பிப் புருவத்தை உயர்த்தினதும் "தெரியல சித்தி, தெரியவே இல்ல" என்று கத்துவதற்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பவில்லை. கேட்க மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.